புரவலர் மாறும்பொழுது: கட்டற்ற மென்பொருளும் தமிழும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாட்டும் நூலும் ஆய்ந்து வரும் இவ்வவையில் மென்பொருளைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஓலையில் எழுதிய காலத்தில் புலவனுக்கு எழுதுகருவி பற்றிய கவலை பெரிதாக இருந்திராது. பனை ஊரில் நின்றது. எழுத்தாணியைக் கொல்லன் அடித்துத் தந்தான். இன்று நம்முள் பெரும்பாலோர் கணினியிலோ கைப்பேசியிலோ எழுதுகிறோம். அக்கருவியை இயக்கும் நிரலில் பெரும்பகுதி எங்கோ இருக்கும் நிறுவனங்களின் ஆதரவில் வளர்வது. அந்நிறுவனத்தை மற்றொரு நிறுவனம் ஒருநாள் விலைக்கு வாங்கிவிடுகிறது. அப்பொழுது நம் எழுத்துக்கு என்ன நேரும்? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

என் கருத்தை முதற்கண் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் புரவலர் போன்றவை. புரவலரின் கொடை வரவேற்கத்தக்கதே. ஆயின் புரவலர் மாறும்பொழுது ஒரு நூலைக் காப்பவை இரண்டு. ஒன்று, அதனைப் படியெடுக்கும் உரிமை. மற்றொன்று, படியெடுத்துப் பேணும் கைகள். இவற்றுள் ஒன்று குறையினும் நூல் நிலைபெறாது. மென்பொருளுக்கும் இதுவே விதி.

கட்டற்றது என்பது யாது?

மென்பொருளின் உயிர்நிலை அதன் மூலநிரல். அதனை மறைத்துவைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்பது பெருவழக்கு. அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் இதற்கு மாற்றாக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். நிரலைப் பயன்படுத்தவும், அதன் மூலத்தைக் கற்கவும், படியெடுத்துப் பகிரவும், திருத்தி வெளியிடவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1989இல் வெளிவந்த குனு பொதுமக்கள் உரிமம் இவ்வுரிமைகளைச் சட்டத்தின் மொழியில் எழுதிவைத்தது. அவ்வுரிமத்தின்கீழ்ப் பெற்றதைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர், தாம் பெற்ற உரிமைகளை அவர்க்கும் வழங்கியாக வேண்டும் என்பது அதன் தனிச்சிறப்பு. இத்தகையவற்றையே தமிழில் கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம்.

விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்பதை ஈண்டு மனங்கொள்ள வேண்டும். விலையின்றித் தந்தவர் நாளை தாராமல் நிறுத்திவிடலாம். உரிமையோடு தந்ததை அவ்வாறு மீளப் பெறுதல் அரிது.

தமிழ் மாணாக்கர்க்கு இது புதுமையன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. மணக்குடவரிடம் இசைவு பெற்றுப் பரிமேலழகர் உரை எழுதவில்லை. மூலம் பொது, உரை அவரவர் உழைப்பு. ஒரே மூலத்தினின்று வேறொரு குழு தனக்கென ஒரு வழி வகுத்துக்கொள்வதை மென்பொருள் உலகில் 'கிளைத்தல்' என்பர். நம் உரையாசிரியர் மரபே ஒருவகையில் கிளைத்தல் மரபு எனலாம்.

பாடநூலில் நின்ற பெயர்

நிறுவனம் கைம்மாறியதால் நேர்ந்த விளைவுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை; நம் மாவட்டத்துப் பள்ளிகளிலேயே உண்டு. அரூர், பென்னாகரம், பாலக்கோடு ஆகிய ஊர்களில் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் பயின்ற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் தொகுதியில் அவர்கள் கற்றது 'ஸ்டார் ஆஃபீஸ்' என்னும் அலுவலக மென்பொருள். 2005ஆம் ஆண்டளவில் வந்த அப்பாடம் 2019-20இல் புதிய பாடநூல் வரும்வரை நீடித்தது.

அம்மென்பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனம் அதனை உருவாக்கியது. 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. 2000ஆம் ஆண்டில் மூலநிரலைத் திறந்துவிட்டது. அவ்வாறு பிறந்ததே 'ஓப்பன் ஆஃபீஸ்'. விற்பனைப் பதிப்பு ஸ்டார் ஆஃபீஸ் என்ற பழைய பெயரிலேயே தொடர்ந்தது. 2009 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை ஏறத்தாழ 740 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது; 2010 சனவரியில் கைம்மாற்றம் நிறைவுற்றது. ஆரக்கிள், ஸ்டார் ஆஃபீஸின் பெயரை மாற்றியது. 2011 ஏப்ரலில் அவ்விற்பனைப் பதிப்பையே கைவிடுவதாக அறிவித்தது.

2011இல் வழக்கொழிந்த ஒரு மென்பொருளை அதன்பின்னும் பல ஆண்டுகள் நம் பிள்ளைகள் பாடமாகப் படித்தனர். பொதுத்தேர்வில் அதனைப் பற்றி விடையும் எழுதினர். விற்றவர் இல்லை, வாங்கியவரும் கைவிட்டார். பாடநூலில் மட்டும் பெயர் நின்றது.

அவ்வாறாயின் அவர்கள் கற்றது வீணோ? இல்லை. மூலநிரல் முன்பே மக்கள் கைக்கு வந்திருந்ததே அதற்குக் காரணம். ஆரக்கிளின் போக்கில் ஐயங்கொண்ட ஓப்பன் ஆஃபீஸ் ஆர்வலர்கள் 2010 செப்டம்பர் 28 அன்று ஆவண அறக்கட்டளை என்னும் தனியமைப்பை நிறுவினர். ஓப்பன் ஆஃபீஸ் என்ற பெயர் ஆரக்கிளின் வணிகக்குறி. ஆதலின் அவர்கள் நிரலைப் படியெடுத்து 'லிப்ரே ஆஃபீஸ்' என்று புதுப்பெயர் சூட்டினர். உரிமம் நிரலைக் காத்தது, பெயரைக் காக்கவில்லை. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

ஸ்டார் ஆஃபீஸில் எழுதவும் கணக்கிடவும் பழகிய பிள்ளை லிப்ரே ஆஃபீஸைத் திறந்தால் பழகிய வீட்டில் நுழைந்தது போலவே உணர்வாள். வண்ணமும் பட்டிகளும் சிறிது மாறியிருக்கும், உள்ளமைப்பு ஒன்றே. மூடிய மென்பொருளாக இருந்திருப்பின் அந்தப் பாடமும் நிறுவனத்தோடு புதைந்திருக்கும்.

கதை அவ்வளவில் முடியவில்லை. ஆரக்கிள் 2011இல் ஓப்பன் ஆஃபீஸின் நிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கியது. ஆயின் உழைப்பாளரில் பெரும்பாலோர் அதற்குள் லிப்ரே ஆஃபீஸுக்குச் சென்றுவிட்டனர். இன்று லிப்ரே ஆஃபீஸ் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு காண்கிறது. ஓப்பன் ஆஃபீஸோ 2014இல் தொடங்கிய 4.1 என்னும் வரிசையிலேயே சிறுதிருத்தங்களோடு நிற்கிறது. இரண்டுக்கும் உரிமை உண்டு. ஒன்றற்கே போதிய கைகள் உண்டு. 2018இல் வெளிவந்த நம் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலும் ஓப்பன் ஆஃபீஸையே கற்பித்தது. புகழ்பெற்ற பெயரை நாம் பற்றிக்கொண்டோம். உயிர் வேறிடம் பெயர்ந்ததைக் காணவில்லை.

இரு மகளிரின் பெயர்கள்

சன் நிறுவனத்தோடு ஆரக்கிள் கைக்குச் சென்ற மற்றொன்று 'மை எஸ்கியூஎல்' என்னும் தரவுத்தள மென்பொருள். அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர் பின்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ். 'மை' என்பது அவருடைய மூத்த மகளின் பெயர். சன் அதனை 2008இல் 100 கோடி டாலருக்கு வாங்கியது. ஆரக்கிளோ தரவுத்தளம் விற்றே வளர்ந்த நிறுவனம். போட்டிப் பொருள் போட்டியாளர் கைக்கே செல்வது கண்ட விடேனியஸ், 2009இல் அதே நிரலினின்று ஒரு கிளையை வளர்க்கலானார். அதற்கு 'மரியா' என்னும் தம் இளைய மகளின் பெயரைச் சூட்டினார். அதுவே 'மரியா டிபி'.

விக்கிப்பீடியா 2013இல் தன் தரவுத்தளங்களை மரியா டிபிக்கு மாற்றிக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஔவையாரைப் பற்றி நாம் படிக்கும்பொழுது, நமக்குத் தெரியாமலே அவ்விளைய மகளின் பெயர் தாங்கிய கருவி உழைக்கிறது.

மரியா டிபி நிறுவனமும் 2024இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தால் வாங்கப்பெற்றது. காப்பாற்ற எழுந்த நிறுவனமும் விலைபோயிற்று. எனினும் அந்நிரலுக்கெனத் தனியே ஓர் அறக்கட்டளை உண்டு. உரிமம் பொதுமக்கள் உரிமம். இனி வருவோர் தவறிழைப்பின் மூன்றாம் கிளை முளைக்கத் தடையில்லை.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. நிரல் எழுதுவோர் அனைவரும் தம் பதிப்புரிமையை ஒரே நிறுவனத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்நிறுவனத்தை வாங்குபவர் வருங்காலப் பதிப்புகளின் உரிமத்தை விரும்பியவாறு மாற்றலாம். முன்னர் வெளிவந்த படியை மீளப் பெற இயலாது. பின்வருவதை அடைத்துக்கொள்ள இயலும். பதிப்பாளரிடம் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் மறுபதிப்புக்கு ஏங்கும் எழுத்தாளர் நிலையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உரிமை பலரிடம் பரவிக் கிடக்கும் மென்பொருளை விலைகொடுத்து அடைத்தல் அரிது. 1993இல் தொடங்கிய டெபியன் அத்தகையது. அது தன்னார்வலர் கூட்டம், நிறுவனமன்று. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அதன் அடிப்படையில் அமைந்ததே. விற்பதற்கு உடைமையாளர் இல்லாத ஒன்றை எவர் வாங்குவர்?

கைம்மாற்றம் எல்லாம் கேடோ?

நிறுவனம் விலைபோவது எப்பொழுதும் தீமையே என்று கூறினால் அது நேர்மையன்று. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் 2006-07ஆம் ஆண்டுகளில் உமாசங்கர் இ.ஆ.ப. பொறுப்பில் இருந்தபொழுது சூசே லினக்ஸுக்கு மாறியது. அந்தச் சூசேயை நோவெல் 2004இல் வாங்கியது, 2011இல் அட்டாச்மேட், 2014இல் மைக்ரோ ஃபோகஸ், 2019இல் ஈக்யூடி. பெயர்ப்பலகைக்குப் பின்னால் நான்கு முறை ஆள் மாறியும் மென்பொருள் இன்றும் உயிரோடுள்ளது. ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் சென்ட் ஓஎஸ் என்னும் லினக்ஸின் பழைய வடிவம் நிறுத்தப்பெற்றது உண்மை. ஆயின் ரெட் ஹாட் முன்னர் வெளியிட்ட 'லோகித்' தமிழ் எழுத்துரு இன்றும் எவரும் எடுத்தாளக்கூடிய உரிமத்திலேயே உள்ளது.

நன்மையாக முடிந்த கைம்மாற்றமும் உண்டு. தமிழில் தட்டெழுதப் பலர் 'இ-கலப்பை'யைப் பயன்படுத்தினோம். முகுந்தராஜும் அவர் தோழர்களும் 'தமிழா!' என்னும் குழுவின் சார்பில் வழங்கிய கருவி அது. அதன் தொடக்கப் பதிப்புகள் 'கீமேன்' என்னும் மூடிய மென்பொருளின்மேல் இயங்கின. ஏர் நம்முடையது; இழுக்கும் மாடு இரவல். ஆதலின் பின்னைப் பதிப்பில் அக்குழு கீமேனை விடுத்துத் தன் சொந்த நிரலைக் கட்டற்றதாக வெளியிட்டது. கீமேனோ 2015இல் சில் இன்டர்நேஷனல் என்னும் மொழியமைப்பின் கைக்குச் சென்று, அடுத்த சில ஆண்டுகளில் அதுவும் கட்டற்ற மென்பொருளாயிற்று. வாங்கியவர் அடைத்தார் என்பதே நாம் மிகுதியும் கேட்கும் செய்தி; வாங்கியவர் திறந்துவிட்ட செய்தி இது. வாங்குபவரின் நோக்கம் இன்னதென முன்னறிதல் நம் கையில் இல்லை. இரவல் மாட்டை நம்பியிராமல் இருப்பதே நம் கையில் உள்ளது.

பாரதி பாடல்களின் உரிமை

தமிழர் இச்சிக்கலை முன்பே ஒருமுறை கண்டவர்கள். பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் எடுத்தாளும் உரிமை பின்னர் விலைபோயிற்று, ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதனை வாங்கியிருந்தார். மக்களின் பாட்டு ஒருவர் உடைமையாக இருத்தல் தகுமோ என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதியின் நூலுரிமையைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமலே அரசிடம் அளித்தார். பின்னர் அது மக்கள் அனைவர்க்கும் பொதுவாயிற்று.

ஒரு மாகாண அரசும் ஒரு வணிகரின் பெருந்தன்மையும் கூடியே பாரதியை மீட்க வேண்டியிருந்தது. கட்டற்ற உரிமம் செய்வது யாதெனின், பிறக்கும்பொழுதே நாட்டுடைமை ஆக்கிவிடுதல். எவர் பெருந்தன்மைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தகடூர் தரும் பாடம்

உரிமை மட்டும் போதுமா என்பதற்கு விடை நம் மண்ணிலேயே உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றிய போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதனைப் படியெடுக்கக் கூடாதென்று எவரும் தடுத்ததாகச் செய்தியில்லை. போதிய படிகள் போதிய இடங்களில் நிலைக்கவில்லை என்பதே நாம் காணும் உண்மை. இன்று நம் கையிலுள்ள பாடல்கள், புறத்திரட்டைத் தொகுத்தவரும் நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியரும் தத்தம் நூல்களில் எடுத்து வைத்தமையால் எஞ்சியவை. படியெடுத்த கைகள் காத்த அளவே எஞ்சியது. நம் ஊரின் போர்க்காவியம் துண்டுதுண்டாகக் கிடப்பதைக் காணுந்தோறும் இவ்வுண்மை என் நெஞ்சைச் சுடுகிறது.

மற்றொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்றின் 95ஆம் பாட்டை நாம் அனைவரும் அறிவோம். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அணிசெய்யப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் இருந்தன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடந்தன. பயன்பாட்டில் உள்ள கருவி அழகாக இராது. எப்பொழுதும் யாரோ ஒருவர் அதனைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பர். கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே. பிழை உண்டு, குறை உண்டு. ஆயின் உலைக்களம் திறந்திருக்கிறது. நம் கேள்வி, அங்கே சுத்தியல் பிடிக்கத் தமிழர் எத்தனைபேர் நிற்கிறோம் என்பதே. மொழிபெயர்த்தவர்களும் எழுத்துரு செய்தவர்களும் சிலரே, பயன்கொண்டவர் பலர்.

நாம் செய்யத்தக்கன

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகள் எங்கே உள்ளன? சில அச்சில், பல கணினிக் கோப்புகளில். பழைய கோப்புகள் பல, அவ்வவ்வெழுத்துருவிற்கே உரிய குறியீட்டில் தட்டெழுதப்பெற்றவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கவிதை தெரியாது. பொருளற்ற குறிகளே தெரியும். மாறாக, முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நோக்குக. அதன் தொடக்ககால மின்னூல்கள் 'திஸ்கி' என்னும் வெளிப்படையான குறியீட்டில் அமைந்தன. குறியீட்டு அட்டவணை எல்லார்க்கும் தெரிந்திருந்தமையால் அவை பின்னர் எளிதில் ஒருங்குறிக்கு மாற்றப்பெற்றன. திறந்த நெறியில் வைத்தது காலம் கடந்தது.

ஆதலின் நான்கு வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கிறேன்.

முதலாவது, வட்டத்தின் பழைய கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றுவோம். தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுள்ளது. குறியீடு மாற்றும் நிரல்கள் 'ஓப்பன்-தமிழ்' போன்ற கட்டற்ற தொகுப்புகளில் கிடைக்கின்றன.

இரண்டாவது, கோப்புகளைத் திறந்த ஆவண வடிவத்தில் சேமிப்போம். 2006இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பெற்ற வடிவம் அது. எந்த நிறுவனம் எவர்க்கு விலைபோயினும், அதனைத் திறக்கும் கருவியை மற்றொருவர் செய்துகொள்ள இயலும்.

மூன்றாவது, இசைவுடைய கவிஞர்கள் தம் நூல்களுள் ஒன்றையேனும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடட்டும். எல்லா நூலையும் அவ்வாறு தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்தால் பிழைப்போரின் உரிமையும் காக்கத்தக்கதே. ஆயின் அச்சில் இல்லாத தொகுப்பு, பூட்டிய அறையில் கிடப்பதைவிடப் பலர் கையில் திரிவது நன்று.

நான்காவது, ஆண்டுதோறும் நம் கல்லூரிகளிலிருந்து ஐந்து மாணவரையேனும் லிப்ரே ஆஃபீஸ் போன்றவற்றின் தமிழாக்கத்தில் ஈடுபடுத்துவோம். 'பட்டி' என்பதா, 'பட்டியல்' என்பதா என்று சொல்லாய்ந்து முடிவு செய்யும் தகுதி நிரலாளரைவிடத் தமிழ் பயின்றார்க்கே மிகுதி. கணினித்தமிழில் கொச்சைச்சொல் புகுகிறது என்று மேடையில் வருந்துகிறோம். அச்சொல்லைத் திருத்தும் கதவு அங்கே திறந்தே கிடக்கிறது, நாம் நுழைவதில்லை.

நிறுவனங்கள் இன்னும் வாங்கப்படும், விற்கப்படும். அது வணிகத்தின் இயல்பு. அதியமானும் வீழ்ந்தான், பாரியும் வீழ்ந்தான். புரவலர் வீழ்ந்தபின்னும் பாட்டு நின்றது. மறவாமல் படியெடுத்த பெயரறியாப் பலர் அதற்குக் காரணம். அப்பலருள் நாமும் சிலராவோம்.

இவ்வட்டம் நூற்றாண்டு காணும் நாளில், இன்று இம்மேடையில் பாடிய கவிஞர்தம் வரிகளை அன்றைய மாணவி ஒருத்தி தன் கருவியில் பிழையின்றித் திறந்து படிக்க வேண்டும். அதற்கான பணியை அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்குவோம்.